கோவாவின் பருவங்களும் திறந்தவெளி விளையாட்டுகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

கோவா என்று சொன்னவுடன் நம்மவர்கள் மனசில் ஒரே ஒரு படம்தான் வரும். டிசம்பர் மாதம், மணல், வெயில், வெள்ளைக்காரர்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்: "பீச்சுக்கு எப்போ கூட்டிட்டுப் போறீங்க?" பல வருஷமாக இந்த மண்ணில் மளிகை வியாபாரம் செய்து பிழைத்து, கிடைத்த நேரத்தில் பழைய நூல்களையும் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் தேடித் திரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்த மக்களுடைய விளையாட்டும் கேளிக்கையும் அந்தப் படத்துக்குள் அடங்காது. அவை பருவத்தோடு கட்டுண்டவை. எந்த மாதத்தில் எங்கே ஆடலாம், எங்கே ஆடக்கூடாது என்று மழையும் கடலும் வயலும்தான் தீர்மானித்திருக்கின்றன. அந்தக் கணக்கை எளிமையாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட என்பதைப் படிக்கும்போது அறிவீர்கள்.

கடல் சாத்தியிருக்கும் காலம்

1999 ஜூன் மாதம். பள்ளி விடுமுறை முடிவதற்குள் என்று என் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். வந்தவாசிப் பக்கத்துப் பையன், கல்லூரியில் படிக்கிறவன், நன்றாக நீந்துவான். மழை விட்டிருந்த ஒரு மாலை கோல்வா கடற்கரைக்குப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றான். ஒரு அலை திரும்பும்போது காலைப் பிடித்து இழுத்த மாதிரி உள்ளே போய்விட்டான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் கயிற்றோடு ஓடிப் போய்ப் பிடித்து இழுத்து வந்தார்கள். பையனைக் குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றிய பிறகு, அதில் மூத்தவர் என்னைப் பார்த்துக் கொங்கணியில் கோபமாகச் சொன்னார்: "கடல் சாத்தியிருக்கு, தெரியாதா? இத்தனை வருஷம் இங்கே கடை வச்சிருக்கீங்களே!"

அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கடையைச் சாத்துவது தெரியும். கடலைச் சாத்துவது என்றால் என்ன? விசாரித்தபோதுதான் இது பழைய வழக்கு என்று புரிந்தது. மாண்டவி ஆற்றின் முகத்துவாரத்தில், அகுவாடா கோட்டைக்கு எதிரே, மழைக்காலத்தில் மணல்திட்டு உருவாகி அலை கொந்தளிக்கும். கப்பல்கள் உள்ளே நுழைய முடியாது. போர்த்துகீசியக் கப்பல்கள் லிஸ்பனிலிருந்து மார்ச், ஏப்ரலில் புறப்பட்டு, மழையின் உக்கிரம் தணிந்து செப்டம்பர் வாக்கில் கோவாவை வந்தடையும்படி கணக்குப் போட்டதற்கும் பருவக்காற்றே காரணம். இன்றும் மேற்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்.

நம்மவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். நம்ம ஊர்க் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. புயலும் கடல் கொந்தளிப்பும் அப்போதுதான். ஆனி, ஆடியில் கடலைக் கண்டு பயப்படும் பழக்கம் சமவெளிக்காரர்களான நமக்கு இல்லை. கோவாவிலோ வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதாவது நம்ம பஞ்சாங்க அனுபவம் இங்கே தலைகீழ்.

மழையில் ஆட்டம் ஊரைவிட்டு நகராது

கடல் சாத்திவிட்டால் மக்கள் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்களா? அதுதான் இல்லை. கோவாவின் மிகப் பழமையான, மிக இனிமையான வெளி விளையாட்டுகள் மழையில்தான் நடக்கின்றன. ஆனால் அவை கடலுக்குப் போவதில்லை. கிணறு, குளம், ஆற்றோடை, கோயில் முற்றம் என்று அவரவர் ஊருக்குள்ளேயே நடக்கின்றன.

முதலில் வருவது ஜூன் 24, சாவ் ஜுவாவ் என்னும் யோவான் திருநாள். இலையும் பூவும் கொடியும் சேர்த்துக் கட்டிய 'கொப்பேல்' என்னும் தலைமாலையைச் சூடிக்கொண்டு, வாடா வாடாவாக (வாடா என்றால் நம்ம ஊர்ச் சேரி, தெரு மாதிரி) இளைஞர்கள் பாடிக்கொண்டு போய், மழையில் நிறைந்த கிணறுகளில் குதிப்பார்கள். மரியாள் தன்னைக் காண வந்தபோது எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை துள்ளியதாக விவிலியம் சொல்கிறது. அந்தத் துள்ளலின் நினைவே இந்தக் குதிப்பு என்பார்கள். புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் விருந்தும் அன்றுதான். நம்ம தலைதீபாவளியை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே சியோலிம் ஊரில் பக்கத்து ஊர்க்காரர்கள் அலங்கரித்த படகுகளில் ஓடை வழியாக யோவான் சிற்றாலயத்துக்கு வந்து சேர்வார்கள்.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 29, பேதுரு பவுல் திருநாள். வேலையில்லாமல் கரையேறிக் கிடக்கும் படகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேடையாக்கி, அதன்மேல் பாட்டும் நாடகமுமாக மீனவர்கள் ஆற்றில் மிதந்து வருவார்கள். அதற்குச் சாங்கொட் என்று பெயர். கடலுக்குப் போக முடியாத படகு ஆற்றில் நாடக மேடை ஆகிறது!

இந்துக்கள் பக்கம் ஆஷாட ஏகாதசிக்கு மறுநாள் மார்செல் ஊரில் 'சிக்கல் காலோ', அதாவது சேற்றுத் திருவிழா. தேவகி கிருஷ்ணர் கோயில் முன்னுள்ள மைதானத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, சின்னப் பையன் முதல் கிழவர் வரை சேற்றில் புரண்டு கண்ணனின் பிள்ளை விளையாட்டுகளை ஆடுவார்கள். இந்தக் கோயிலின் வரலாறு உருக்கமானது. மூலத்தில் இது சோராவ் தீவில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கோயில்களை இடித்தபோது தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். இடம் மாறிய தெய்வத்தோடு விளையாட்டும் குடியேறி இன்றுவரை வாழ்கிறது. புலம்பெயர்ந்த நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமை திவார் தீவில் பொண்டேரா. 'பந்தேரா' என்றால் போர்த்துகீசியத்தில் கொடி. இரண்டு வாடாக்காரர்களுக்குள் எல்லைத் தகராறு; அரசாங்கம் கொடி நட்டு எல்லை காட்டியது; எதிராளிகள் கொடியைச் சாய்த்தார்கள். அந்தச் சண்டையின் நினைவாக இன்று கொடி ஊர்வலமும், மூங்கில் குழலில் காட்டுக்காயை வைத்து 'டப்' என்று அடிக்கும் 'ஃபொட்டாஷ்' விளையாட்டும் நடக்கின்றன. நிலத்தகராறு வெட்டுக்குத்தில் முடியாமல் பிள்ளை விளையாட்டாக மாறிய அதிசயம் இது. கோவாவின் கிராமங்களில் நிலம் தனி ஆளுக்கு அல்ல, 'காவ்ங்காரி' என்னும் ஊர்ச் சபைக்கே பொதுவாக இருந்தது. 1526இல் அபோன்ஸோ மெஷியா என்ற போர்த்துகீசிய அதிகாரி இந்த வழக்கங்களை ஏட்டில் பதிவு செய்தார். ஆகவே எல்லை என்பது ஊர் மானத்தின் பிரச்சினை.

பிறகு பிள்ளையார் சதுர்த்தி. இங்கே சவத் என்பார்கள். எங்கே வேலை பார்த்தாலும் பூர்வீக வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பிள்ளையார் தலைக்கு மேலே கட்டும் 'மாட்டோளி' என்னும் பந்தலுக்காகக் காட்டுக்காய், காட்டுப்பூ, கொடிகளைத் தேடிப் பக்கத்துக் காட்டில் அலைவதே ஒரு பெரிய உல்லாசம். எந்தக் காய் எங்கே கிடைக்கும் என்கிற அறிவு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இந்த அலைச்சலில்தான் போய்ச் சேர்கிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் சமண முனிவர்கள் ஆடி மாதப் பௌர்ணமி முதல் கார்த்திகைப் பௌர்ணமி வரை நான்கு மாதம் ஊர்விட்டு ஊர் நடக்க மாட்டார்கள். சாதுர்மாசம் என்பது அதுதான். மழையில் முளைக்கும் பயிரும் பூச்சியும் காலில் மிதிபடக்கூடாது என்பது காரணம். கோவாவின் கேளிக்கைகளும் ஏறக்குறைய இதே விதிக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன! ஆஷாட ஏகாதசியில்தான் இந்துக்களின் சாதுர்மாசமும் தொடங்குகிறது. மறுநாள் சேற்றுத் திருவிழா. கத்தோலிக்கர் இந்தக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அவர்களுடைய மழைக்கால விழாக்களும் ஊர்க் கிணற்றையும் ஊர் ஓடையையும் தாண்டுவதில்லை. மதம் இரண்டானாலும் மழை ஒன்றுதானே. வயலில் நாற்று நட்டிருக்கிறது, வழியெல்லாம் வெள்ளம், கடல் சாத்தியிருக்கிறது. ஆகவே 'இருக்கிற இடத்தில் ஆடு' என்பதே பருவம் இட்ட கட்டளை.

கடலும் பாதையும் திறக்கும் காலம்

ஆவணிப் பௌர்ணமியில் தேங்காயைக் கடலுக்கு அர்ப்பணிப்பார்கள். நாரளி பூர்ணிமா. மீனவனுக்கு அதுவே கடை திறக்கும் நாள். கார்த்திகைப் பௌர்ணமி இரவில் சாங்கேலிக்குப் பக்கத்தில் விட்டலாப்பூரில், வால்வந்தி ஆற்றில் விளக்கேற்றிய சிறு படகுகளை மிதக்கவிடுகிறார்கள். சாதுர்மாசம் முடிகிற அதே பௌர்ணமி! அத்தோடு பாதை திறந்தது. இனி ஆட்டம் ஊர்விட்டு ஊர் போகும்.

அறுவடை முடிந்த வயல் காய்ந்தவுடன் அது பந்து மைதானமாகிவிடும். கோவாவுக்குக் கால்பந்து வந்தது 1883இல். சியோலிமுக்கு உடம்பு தேற வந்த வில்லியம் ராபர்ட் லயன்ஸ் என்ற பாதிரியார் தம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது வரலாறு. பின்னர் இரும்புத்தாதுச் சுரங்க முதலாளிகள் கழகங்களை வளர்த்தார்கள். சல்காவ்கர் கழகம் 1956இல் தோன்றியது. ஒரு பெரிய ஜில்லாவின் அளவுகூட இல்லாத, 3,702 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் கோவா 1983-84இல் சந்தோஷ் கோப்பையைத் தனித்து வென்றது. 2012இல் கால்பந்து மாநில விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் அடித்தளம் நெல் தாள் குத்தும் வயல்களில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகள்தான்.

அடுத்து ஜாத்ராக்கள், அதாவது கோயில் திருவிழாச் சந்தைகள். ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர் என்று மிட்டாய்க் கடைக்காரரும் ராட்டினக்காரரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். தவக்காலத்துக்கு முன் கார்னிவல். கிராமத்தார் இதை 'இந்த்ரூஸ்' என்பார்கள். போர்த்துகீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19இல் முடிந்த பிறகு 1965இல் பணஜியில் வண்டி ஊர்வலமாக அதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். பங்குனியில் ஷிக்மோ, இடுப்பில் மரக்குதிரை கட்டி ஆடும் 'கோடெமோட்னி' அதில் கண்கொள்ளாக் காட்சி. நம்ம பொய்க்கால் குதிரைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம்.

திரியோ: ஒரு கசப்பான அத்தியாயம்

வறண்ட வயல்களில் இன்னொரு ஆட்டமும் உண்டு. 'திரியோ' என்னும் மாட்டுச்சண்டை. இரண்டு காளைகளை எதிரெதிரே மோதவிட்டுப் பந்தயம் கட்டுவது. குறிப்பாகச் சால்செட் பகுதியில் கோயில் திருநாள்களை ஒட்டி நடந்தது. 1996இல் ஒரு சண்டையின்போது பார்க்க வந்தவர் ஒருவர் மாடு முட்டி இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு திரியோவைத் தடை செய்தது. 2017இல் நம்ம ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதும் இங்கே பெரிய பேச்சாயிற்று. "உங்க ஊருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்று என் கடைக்கு வருகிற நண்பர்களே கேட்டார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்; பரம்பரை வழக்கம் என்கிறார்கள். ஜல்லிக்கட்டில் மனிதன் காளையைத் தழுவுகிறான்; திரியோவில் காளையும் காளையும் மோதுகின்றன; இரண்டும் ஒன்றல்ல என்று வாதம் செய்து தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபில் பிறந்த நான் இரண்டுக்குமே கைதட்ட மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவர்களிடமே திருப்பிக் கேட்டேன்: "திவார் தீவில் உங்கள் முன்னோர் கொடியையும் காட்டுக்காயையும் வைத்தே ஊர்ச்சண்டையைத் தீர்த்துக்கொண்டார்களே, அதைவிட வீரம் வேறென்ன?" சிரித்தார்கள். ஒப்புக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள்.

கோடையில் குளியலும் கொள்முதலும்

மே மாதம் கோவாக்காரர்களே கடற்கரைக்குப் போகும் காலம். வசதியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் 'முதான்சா', அதாவது காற்று மாற்றம் என்று சொல்லி, கலங்குட், கோல்வா போன்ற ஊர்களில் சில வாரம் தங்குவார்கள். உப்புநீர்க் குளியல் வாத நோய்க்கு மருந்து என்பது நம்பிக்கை. இந்தக் குளியல், வெளிநாட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கடல் சாத்திய பிறகு கேசர்வால், பொம்புர்பா போன்ற ஊற்றுகளில் குளியல் தொடரும்.

அதே காலத்தில் 'புருமெந்த்' சந்தைகள். மழை நான்கு மாதத்துக்கு வேண்டிய மிளகாய், வெங்காயம், புளி, பருப்பு, கருவாடு எல்லாம் வாங்கிச் சேமிக்கும் சந்தை. மாப்புசாவில் மிலாக்ரிஸ் மாதா திருநாளையும், மட்காவில் பரிசுத்த ஆவி ஆலயத் திருநாளையும் ஒட்டி நடக்கும். வியாபாரியாகச் சொல்கிறேன், இது வெறும் கொள்முதல் இல்லை. குடும்பம் முழுக்க வெளியே கிளம்பி, பேரம் பேசி, பலகாரம் தின்று, பழைய சிநேகிதரைப் பார்த்துத் திரும்பும் உல்லாச யாத்திரை. மிலாக்ரிஸ் மாதாவும் ஷிர்காவ் லைராயி தேவியும் அக்கா தங்கை என்பது இங்குள்ள இந்து, கிறிஸ்தவர் இரு சாராரின் நம்பிக்கை.

வந்தவர்களின் பருவம்

1960களின் கடைசியில் ஹிப்பிகள் அஞ்சுனா பக்கம் வந்தார்கள். 1987இல் கோவா தனி மாநிலமானது. அந்தக் காலகட்டத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடி வாடகை விமானங்களும் வரத் தொடங்கின. ஊர்க்காரர்களுக்கு இருந்த பல பருவங்கள் போய், 'சீசன்', 'ஆஃப் சீசன்' என்ற இரண்டே பருவம் வந்தது. பந்து ஆடிய வயல் பல இடங்களில் கட்டடமாயிற்று. குதித்த கிணறு சில இடங்களில் தூர்ந்தது.

இப்போது மழைக்காலமும் விற்பனைக்கு வந்துவிட்டது. 310 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூத்சாகர் அருவிக்கு ரயில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போகிறார்கள். ரயில்வே தடுத்தும் கேட்பதில்லை. 2023 ஜூலையில் அருவியில் உயிர்ப்பலி ஏற்பட்ட பிறகு, அருவிகளுக்குப் போக அரசாங்கமே தடை போட நேர்ந்தது. அந்தத் தூத்சாகர் இருக்கும் மோலெம் காட்டுச் சரணாலயத்துக்குப் பகவான் மகாவீரர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். உயிர்களைக் காக்க மழையில் நடக்காதே என்ற மரபின் தீர்த்தங்கரர் பெயர் கொண்ட காட்டில், மழையில் நடந்து போய் மனிதர்கள் தம் உயிரையே பணயம் வைக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

கடற்கரைகளில் 2008 முதல் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். மழை மாதங்களில் சிவப்புக் கொடி பறக்கும். திவாரில் கொடியைச் சாய்ப்பது விளையாட்டு. இந்தக் கொடியைத் தாண்டுவது விளையாட்டல்ல.

ஆகையால் தமிழ்க் குடும்பத்தார்க்கு என் வேண்டுகோள் இதுதான். ஊரிலிருந்து விருந்தாளிகள் ஜூன், ஜூலையில் வந்தால் கடலைக் கரையிலிருந்து காட்டுங்கள், காலை நனைக்க விடாதீர்கள். அதற்குப் பதிலாகச் சியோலிம் படகுகளையும், மார்செல் சேற்றையும், திவார் கொடிகளையும் காட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கொப்பேல் கட்டிக் கொடுங்கள். பாண்டோரா கிராமத்தில் நேமிநாதர் பஸ்தியின் சிதைந்த சுவர்கள் நிற்கின்றன. மழை விட்ட மாதங்களில் அதையும் ஒரு நடை பார்த்து வரலாம். குடிவந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்வது போலவே அதன் பருவங்களையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் தங்கை மகன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒவ்வொரு முறை கோவாவுக்கு வரும்போதும் டிக்கெட் எடுப்பதற்கு முன் எனக்குப் போன் போட்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாமா, கடல் திறந்திருக்கா?"